பஸ்ல கனெக்ட் ஆன வாட்ச்

திருமயத்துலருந்து அரிமளம் போற பஸ்ல செம கூட்டம். முன் சீட்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேரு, ஏறுனதுலருந்து ஒரு ஆம்பள ஸ்மார்ட்வாட்ச்சோட மல்லுக்கட்டிட்டு இருந்தாங்க. என் காதுல ஹெட்செட் இருந்துச்சு, பாட்டு ஓடல.

"இது மாமா போனோடயே ஜோடி சேந்து கெடக்குக்கா. ரீசெட் அடிச்சாத்தான் ஒன் போன்ல ஏறும்."

"அடிக்காத. திருப்பூர்லருந்து வந்தா அவரு கேப்பாரு."

"போயி வருசமாச்சு, ஒரு போன் இல்ல. வந்து கிழிப்பாரு."

கொஞ்ச நேரத்துல தங்கச்சி குரல் டக்குனு எறங்கிருச்சு.

"அக்கா, மாமா போனோட தானா கனெக்ட் ஆயிருச்சு."

"திருப்பூர்ல இருக்க போனோடயா?"

"புளூடூத் அவ்ளோ தூரம் எட்டாதுக்கா. இந்த பஸ்லதான் இருக்காரு."

அக்கா திரும்பவே இல்ல.

"போனைத் தேடுன்னு ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனா அவரு போன் கத்தும். அமுக்கவா?"

"நம்ம ஏறுனத பாத்திருப்பாருல்ல?"

தங்கச்சி வெரலு பட்டனுக்கு மேலயே நின்னுருச்சு.

"அப்ப வேணாம்."

அடுத்த ஸ்டாப்ல பின்வாசல் வழியா நாலஞ்சு ஆம்பளைங்க எறங்குனாங்க. பஸ் கெளம்புனதும் வாட்ச் ஒரு தடவ அதிர்ந்துச்சு.

"கட்டாயிருச்சுக்கா."

"ம். ரீசெட் அடி."