சாவியில்லாமல் வீடு காட்டியவர்

பட்டாபிராமில் மத்தியான ரயிலில் ஏறி, எனக்கு எதிரே ஒரு அம்மாவும் அவருடைய வீட்டை விற்றுத் தரும் புரோக்கரும் உட்கார்ந்தார்கள். கமிஷன் ஒரு பர்சென்ட்டுக்கு மேல் கிடையாது, விலையிலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்று அந்த அம்மா கறாராகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அத்த உடு யக்கா. எனக்குத் தெரியாம வேற புரோக்கர வெச்சிகினியே, நாயமா? மொதல்ல ஊட்ட காட்டுனவனுக்குத்தான கமிஷன்?"

"யாரையும் வெக்கலப்பா. சாவி எம் பையிலதான் கீது."

"அப்போ நான் இட்டாந்த பார்ட்டிங்கல்லாம் ஏற்கெனவே உள்ள பாத்துட்டோம்னு சொல்றாங்களே? யாரோ பெரியவர் காட்டுனாராம். பாத்ரூம்ல தண்ணி ஒழுகற எடத்தக்கூட மறைக்காம சொன்னாராம்."

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கட்டம் போட்ட லுங்கியா?"

"ஆமா. சட்டப் பையில அளக்கற டேப்பு."

"எங்க ஊட்டுக்காரருப்பா. அந்த ஊட்ட கட்டுனதே அவருதான். செத்து வருசம் திரும்பிடுச்சி."

ஆவடியில் ரயில் நின்றதும் புரோக்கர் அவர் பக்கம் குனிந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கமிஷன்லாம் கேக்கலியாம் யக்கா. ஊட்ட இடிப்பீங்களான்னு மட்டும் கேட்டாராம். மாட்டோம்னு சொன்னவங்க கைய புடிச்சிகினு உடவே இல்லியாம்."

அந்த அம்மா பையைத் திறந்து, சாவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினார்.

"ரெண்டு பர்சென்ட்டா வாங்கிக்கோ. வெல கொறஞ்சாலும் பரவால்ல. ஊடு நிக்கறவரிக்கும் அவரு போவ மாட்டாரு. இடிக்கிற ஆளா பாத்து இட்டா."