ராகேல் அக்காவின் முதுகு

சாயாவில் இஞ்சி தட்டிப் போட்டால் ராகேல் அக்காவுக்குப் பிடிக்கும், சார். நான்தான் ஆற்றி வாயில் ஊற்றுவேன். கார் விபத்துக்குப் பிறகு அவளுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை.

அவள் கணவர் ஜெபசீலன் அண்ணன் மஸ்கட்டில். எனக்குச் சம்பளம் தருபவர் அவர். இராஜாக்கமங்கலத்தில் அவர் கட்டிய பெரிய வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மதியத்துக்குமேல் பேச ஒன்றும் மிச்சமிருக்காது. கடலைக் கேட்டுக்கொண்டு கிடப்போம்.

படுக்கைப்புண்ணைக் கவனிக்க பெங்களூரில் பயிற்சி தருவதாகப் போனில் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே விடுதி. முடிவில் குடகுக்குச் சுற்றுலா. விளம்பரப் படத்தில் பெண்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

அண்ணனிடம் அதற்கான செலவுப் பணத்தைக் கேட்டேன். "அவளுக்குப் புண்ணே இல்லியே சுஜி, பின்ன எதுக்கு?" என்றார்.

நியாயமான கேள்விதான். மூன்று வருடமாக அவளைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் காத்தவள் நான்.

அதன்பின் திருப்புவதை நிறுத்தினேன். ஈரத் துணியையும் மாற்றவில்லை. அவளுக்கு வலிக்கப்போவதில்லை என்பதால் எனக்கு உறுத்தவில்லை. அடிமுதுகில் தோல் கறுத்து, பிறகு திறந்துகொண்டது. படம் எடுத்து அனுப்பினேன். தெளிவாக வந்திருந்தது.

அண்ணன் போனில் அழுதார். அக்கா எனக்காகப் பேசினாள். "பிள்ளைய அனுப்புங்க. அவ படிச்சிட்டு வந்தா எனக்குத்தானே நல்லது." பிறகு என்னிடம், "ஏட்டி, குடகுல நெறைய போட்டோ எடுத்திட்டு வா, நானும் பாக்கணும்," என்றாள்.

பக்கத்து வீட்டு அன்னக்கிளியிடம் அவளை விட்டுப் போனேன். குடகில் இருக்கும்போது அன்னக்கிளி கூப்பிட்டாள்.

"அக்காக்கு உடம்பு தீயா கொதிக்கு. என்ன செய்யணும் மக்கா?"

புண் உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பயிற்சியில் முதலில் சொல்லித்தந்ததே அதுதான். ஆனால் ஆஸ்பத்திரி என்றால் என்னைத் திரும்பி வரச் சொல்வார்கள். "மாத்திரை குடு, நாளைக்குப் பாப்போம்," என்றேன். அங்கே எல்லோரும் படம் எடுக்க என்னை அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் தோளில் கைபோட்டாள். என்னை ஒருவர் அப்படித் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

நான் ஊர் வந்து சேருமுன் அக்கா போய்விட்டாள்.

புண்ணை உண்டாக்கியது நான்தான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் விட்டதும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள், சார்: அன்னக்கிளிக்குப் பதில் நான் பக்கத்தில் இருந்திருந்தால், அக்காவைச் சாக விட்டிருக்க மாட்டேன்.