ஸ்டீபன் விண்டோவ மூட மாட்டேன்

...மெமரி பத்தலியாம்! கேட்டியா நைனா கூத்த? எனக்கு அறுவது தாண்டிப்போச்சு, எனக்குப் பத்துது. போன வருசம் கிறிஸ்மஸுக்கு சர்ச்சு வாசல்ல எவன் என்ன பாத்தும் பாக்காத மாதிரி போனான்னு கேளு, சட்டை கலரோட சொல்றேன். இந்த டப்பாவுக்குப் பத்தலியாம்!

உக்காரு, அந்த ஸ்டூல்ல உக்காரு. ஒரு காலு ஆடும், சொவுத்தோரமா சாஞ்சிக்கோ. இப்ப வந்துரும். ஸ்கிரீன்ல ஒரு வட்டம் சுத்திக்கினு கீது பாரு? அது நின்னுச்சின்னா உன் லாரி எடை வந்துரும், சீட்டு வந்துரும், நீ பாட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்.

இன்னா? லஞ்சுக்கு முன்னாடி கேட்டுல நொழையலன்னா சாயந்தரம்தான் எறக்குவாங்களா? தெரியும் நைனா. இந்த கும்முடிப்பூண்டி சிப்காட்ல எந்தக் கம்பெனி கேட்டுல எவன் எப்ப சோறு துன்னப் போவான்னு எனக்குத் தெரியாதா? நேரம் கீது. பழைய இரும்புதான ஏத்தியாந்துகீற? தக்காளியா, அழுவிப்பூட?

எதிர்த்தாப்ல பாக்காத. பாக்காதன்றேன்! ஆமா, அதுவும் எடை மேடைதான், இல்லன்னு சொன்னனா? வரதன்னு ஒருத்தன் குந்திக்கினு கீறான் அங்க. எப்பப் பாத்தாலும் ஈன்னு சிரிப்பான். எடை போடறவன் சிரிக்கலாமா நைனா? தராசு சிரிக்குதா?

உன்னாண்ட சொல்றதுக்கு இன்னா. எங்க மொதலாளி சந்திரமோகன் சாரு காலைல வந்தாரு. "இம்மானுவேலு, இன்னிக்கு ஒரே ஒரு வண்டி சீட்டு வாங்காம எதிர் மேடைக்குப் போச்சின்னா, நீ சேர காலி பண்ணிட்டு கேட்டாண்ட போய் நில்லு. விசிலு வாங்கித் தரேன்" அப்டீன்றாரு. விசிலு! எனக்கு! இந்த சேரு குஷன பாரு, என் ஒடம்புக்கு ஏத்த மாதிரி குழிஞ்சி கீது. வேற எவன் குந்தினாலும் ஒரு பக்கமா சாஞ்சிதான் கெடப்பான். அதனால நீ எங்கயும் போவக்கூடாது. டீ சொல்லட்டா? வாணாமா? சரி, பேசிக்கினு இருப்போம். பேசினா நேரம் தெரியாது.

மெமரி பத்தலன்னு யாரு சொன்னது? ஜெபா. நம்ம ஆரம்பாக்கம் பொண்ணு, கம்ப்யூட்டரு ரிப்பேரு பாக்குது. ஸ்கூட்டிய நிறுத்தி ஹெல்மெட்ட கழட்டறதுக்கு முன்னாடியே என்ன திட்ட ஆரம்பிச்சிடும். உள்ளேர்ந்து பாதிதான் கேக்கும், மீதிய கழட்டிட்டு சொல்லும். அதுதான் வெளக்குச்சு: "பெரியப்பா, நம்ம மேடை கீது பாரு, அதான் மெமரி. மேடை மேல நிக்கற வண்டியத்தான எடை போட முடியும்? அது மாதிரி மெமரில இருக்கறத வெச்சித்தான் கம்ப்யூட்டரு வேல செய்யும். எடம் பத்தலன்னா கொஞ்சத்த தூக்கி பின்னாடி ஹார்டு டிஸ்க்ல போட்டுடும். அது குடோன் மாதிரி, பெருசு, ஆனா தூரம். வேணும்ன்றப்ப திரும்பப் போயி இட்டாரும்"னுச்சு.

மொத்தமா தூக்காதாம் நைனா. எல்லாத்தையும் ஒரே அளவுல துண்டு போட்டு வெச்சிக்குமாம். ஒரு துண்டுக்கு ஒரு பேஜுன்னு பேரு. மீன் மார்க்கெட்ல வஞ்சிரத்த வெட்டற மாதிரின்னு வெச்சிக்கோயேன். தல மேடைல கெடக்கும், வாலு குடோன்ல கெடக்கும். வாலு எங்கடான்னு கேட்டா, மேடைல எடம் வேணுமே, அதுக்கு வேற ஒரு மீனோட நடுத்துண்ட பின்னாடி அனுப்பிட்டு வால இட்டாரும். போயிட்டு வரணும்ல? அதான் வட்டம் சுத்துது.

இதுல இன்னொரு அக்கிரமம் கேளு. உள்ள கீற புரோகிராம் ஒவ்வொண்ணும், மொத்த எடமும் எனக்குத்தான்னு நெனச்சிக்கினு இருக்குமாம்! எங்க மாமனாரு போனப்பறம் அவரு பசங்க எல்லாரும் மொத்த ஊடும் எனக்குத்தான்னு நெனச்சானுங்கோ, மண்டை ஒடஞ்சுது. கம்ப்யூட்டர்ல ஏன் ஒடையல? நடுவுல ஒருத்தன் குந்திக்கினு, உனக்குத்தாம்பா, உனக்குத்தாம்பான்னு எல்லாராண்டயும் தனித்தனியா சொல்லிக்கினே, ரெண்டு ரெண்டு துண்டா குடுத்து சமாளிக்கிறானாம். ஆபரேட்டிங் சிஸ்டமாம் அவன் பேரு. அவன மட்டும் எங்க மாமனாரு ஊட்டுக்கு இட்டாந்திருந்தா போலீஸ் டேசன் போயிருக்கவே வேணாம்!

இன்னா எழுந்திரிக்கிற? சுத்துதுப்பா, சுத்திக்கினுதான கீது. நின்னுதுன்னாதான் பயப்படணும். குந்து. பள்ளிப்பட்டுன்ன இல்ல? பள்ளிப்பட்டு ஆளுங்க பொறுமசாலிங்கோ.

எதத் தூக்கிப் பின்னாடி போடணும்னு அந்த பஞ்சாயத்துக்காரனுக்கு எப்டித் தெரியும்? நானும் இதத்தான் கேட்டேன். ரொம்ப நேரமா எத யாரும் தொடலியோ அதத் தூக்கிடுமாம். எத அடிக்கடி தொடறமோ, அதான் முக்கியம்னு முன்னாடி வெச்சிக்குமாம். நியாயந்தான? நானும் நியாயந்தான்னேன். அதுக்கப்பறம்தான் ஜெபா என் ஸ்கிரீன பாத்துச்சு. பாத்துட்டு தலைல கை வெச்சிக்கினு குந்திடுச்சு, நீ குந்தினு கீற அதே ஸ்டூல்ல.

"பெரியப்பா, இன்னா இத்தினி விண்டோ தொறந்து வெச்சினு கீற?"

நீயே சொல்லு நைனா, நீ வண்டி ஓட்டறவன். லோடோட வந்தா ஒரு எடை. எறக்கிட்டு காலியா வந்தா ஒரு எடை. ரெண்டும் போட்டாத்தான கணக்கு முடியும்? அதுவரைக்கும் அந்த வண்டி விண்டோ தொறந்துதான இருக்கணும்? வண்டி போட்டோ, டிரைவரு மூஞ்சி, எல்லாம் கேமரால புடிச்சி வெச்சிருக்கும். காலி எடைக்கு வந்தான்னா மூடப்போறேன். வராம பூட்டான்னா? நான் ஏன் மூடணும்?

"மூடினாலும் அழியாது பெரியப்பா, உள்ள பத்திரமா இருக்கும், நம்பரு அடிச்சா வந்துடும்"ன்னுது. இருக்கும்மா. ஆனா என் கண்ணு முன்னாடி இருக்காதே! வராதவன்லாம் யாரு? என்னாண்ட தகராறு பண்ணிட்டு, மூஞ்சக் காட்டப் பயந்துக்கினு எதிர் மேடைக்குப் போனவனுங்கோ. ஒரு நாளு வருவானுங்கோல்ல? வந்து, "இம்மானுவேலண்ணே, தப்புதாண்ணே"ன்னு சொல்லணும். சொன்னா மூடுவேன். அதுவரைக்கும் தெனிக்கும் காலைல வந்ததும் ஒவ்வொண்ணா தொறந்து பாப்பேன். ஒரு மொற மொறைப்பேன். மதியானம் சாப்ட்டுட்டு ஒரு ரவுண்டு. அப்பத்தான் துன்னது செரிக்கும்.

ஜெபாவுக்கு சிரிப்பு தாங்கல. கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "நீ தெனம் அந்த மூஞ்சிங்களத் தொட்டுக்கினே இருந்தா, அதான் முக்கியம்னு நெனச்சி அதெல்லாம் மேடைல வெச்சிக்கினு, எடை போடற புரோகிராம குடோனுக்கு அனுப்பிடுது பெரியப்பா! எடைய கேட்டா மூஞ்சிய எறக்குது, மூஞ்சிய கேட்டா எடைய எறக்குது. ஏத்தறதும் எறக்கறதுமே வேலையாப் பூடுச்சு, வேல நடக்கல"ன்னுச்சு. அப்ப புது மெமரி வாங்கிப் போடுன்னேன். "எத்தினி போட்டாலும் நீ சண்ட போட்டே ரொப்பிடுவ"ன்னுட்டு ஹெல்மெட்ட மாட்டிக்கிச்சு.

இன்னா? ஆஃப் பண்ணி ஆன் பண்றதா? நீயுமா! ஆஃப் பண்ணா அத்தினி பேரும் தப்பிச்சிப் பூடுவானுங்களேப்பா!

இரு, இரு, இரு. சாவிய உள்ள போடு. பாக்கெட்ல போடு, கையில வெச்சிக்கினு சுத்தாத. சரி. உனக்கோசரம். உன் ஒருத்தனுக்கோசரம் ரெண்டே ரெண்டு விண்டோ மூடறேன். போதுமா? இங்க வா, வந்து பாரு.

இவன் லோகு. மேடை மேல லாரிய நிறுத்திட்டு நாஷ்டா துன்னப் போனவன். ஹைவே வரைக்கும் வண்டிங்க வரிசையா ஹாரன் அடிக்குது, இவன் பூரிக்கு இன்னும் கெழங்கு கேட்டுக்கினு கீறான். திரும்பி வந்து இன்னான்றான் தெரியுமா? "பெருசு, நீயும் போயி துன்னுட்டு வா, நான் பாத்துக்கறேன்." எடுபட்டவன்! ...போ. பொழச்சிப் போ. இந்தா, பெருக்கல் குறில ஒரே அமுக்கு.

ஹை! நைனா, வட்டம் கொஞ்சம் வேகமா சுத்தற மாதிரி இல்ல?

அடுத்து ஜெயராஜு. நான் இந்த சேர்ல, இதே சேர்ல, மவராசன் மாதிரி குந்தினு கீறேன். உள்ள தலைய நீட்டி, "வாட்ச்மேன், எடை போடறவரு எங்க?"ன்றான்! வாட்ச்மேனாம்! அன்னிக்கு சோறு எறங்கல நைனா, எம் பொண்டாட்டி முத்தம்மா மீன் கொழம்பு வெச்சிருந்தா, அப்பவும் எறங்கல. ...போடா. நீயும் போ. அமுக்கியாச்சு.

அட! இன்னாப்பா இது, ஜிவ்வுனு கீது! ஏன் எடுத்ததும் ரெண்டுதான்னு சொன்னேன்? இன்னும் போடுவோம். இவன், மேடை மேல வெத்தல எச்சி துப்பினவன். எச்சியோட எடையையும் சேத்துத்தான் போட்டேன் அன்னிக்கு, தெரியாது அவனுக்கு. போ! இவன், ரிவர்ஸ்ல வந்து என் சைக்கிள நசுக்கினவன். சைக்கிளு பழசுதான், போ! இவன்... இவன் யாரு? இவன் இன்னா பண்ணான்? இரு... மூஞ்சியப் பாத்தா கோவம் மட்டும் ஜிவுஜிவுன்னு வருது, காரணம் வரமாட்டேங்குதே. காரணம் குடோனுக்குப் பூடுச்சு போலகீது! ஹஹ்ஹஹா! போடா டேய், யாரா இருந்தாலும் போ!

தல சுத்துது நைனா. கள்ளு குடிச்ச மாதிரி கீது. மன்னிக்கிறது இத்தினி ஈசியா இருந்தா நான் எப்பவோ பண்ணியிருப்பேனே! பாஸ்டரு வாரா வாரம் தொண்ட கிழிய சொல்றாரு, அவரு ஒரு பெருக்கல் குறி குடுத்தாரா?

வெளிய எவனோ வண்டி ஸ்டார்ட் பண்றான், அத கண்டுக்காத. வரிசைல பின்னாடி நிக்கறவன் சொம்மா ஆக்சிலேட்டர மிதிச்சி நம்மள மெரட்டுவான்.

கடைசி விண்டோ. இது... இத மட்டும் கேக்காத. இது ஸ்டீபன். முத்தம்மாவோட கூடப்பொறந்த தம்பி. சொந்த மச்சான். இவன் பொண்ணுக்கு நிச்சயம் வெச்சான். பொண்ணுக்கு நான் தாய்மாமன் இல்லன்னாலும், இவனுக்கு ஒரே அக்கா புருசன் நானு. தட்டுல வெத்தல பாக்கு, பழம் வெச்சி, பொண்டாட்டியோட ஊட்டுக்கு வந்து, "மாமா, அவசியம் வரணும்"னு கூப்டணுமா இல்லியா? கூப்டல. வாட்ஸப்புல பத்திரிக்க அனுப்பறான்! அடுத்த வாரமே லோடோட வந்து இந்த மேடைல நிக்கறான். "இன்னா மாமா, நிச்சயத்துக்கு ஏன் வரல?"ன்னு கேக்கறான்! எடை போட்டு சீட்ட ஜன்னல் வழியா நீட்டினேன். காலி எடைக்கு வருவான், அப்ப கேக்கலாம்னு கேள்விய ரெடியா வெச்சிக்கினு இருந்தேன். வரல. வரதன் மேடைல போட்டுக்கினு பூட்டான். அன்னிலேர்ந்து இந்த மூஞ்சி இங்கதான் கீது.

பாரு அவன் மூஞ்ச. கேமராவுக்குத் தெரியாம எட்டி எட்டிப் பாக்கறான் பாரேன், நான் உள்ள கீறனான்னு. சின்னதுல இவன தோள்ல தூக்கினு ஆரம்பாக்கம் ஏரிக்குப் போயிகீறேன். இன்னிக்கும் முத்தம்மா ராத்திரி சோறு போடும்போது, "தம்பி போன் பண்ணான்"னு சொவுத்தப் பாத்து சொல்லும். என்னப் பாத்து சொல்லாது.

...அமுக்கறதா?

சொல்லேன் நைனா, கம்முனு கீற. நீ அமுக்குன்னு சொன்னா அமுக்கறேன். சரி, மௌனமா இருந்தா சரின்னுதான அர்த்தம்? அமுக்கிட்டேன்! ஐயோ, அமுக்கிட்டேம்பா! பூட்டான்! எம் மச்சான் பூட்டான்!

வட்டம் நின்னுடுச்சு! பறக்குது நைனா! தொட்டா வருது, தொட்டா வருது! ஜெபா சொன்னது மெய்யாலுமே மெய்! சேரு தப்பிச்சுது! இரு, இதோ உன் எடை, இந்தா வருது... சைபரு.

சைபரா? இன்னொரு தபா. சைபரு.

இல்லியே, இப்பத்தான நல்லா வேல செய்யுது. தப்பா காட்டாதே. மேடைல வண்டி இல்லன்னாத்தான் சைபரு காட்டும்...

நைனா? ஏய் நைனா? பள்ளிப்பட்டு!

ஐயய்யோ... ரோட்ட தாண்டிக்கினு கீறான். வரதன் மேடை மேல ஏத்தறான்! ஏத்திட்டான்! வரதன் எழுந்து நின்னு வரவேற்கறான், ஈன்னு! அடப்பாவி, நான் உனக்கோசரம் ஊர்ல கீறவன எல்லாம் மன்னிச்சிக்கினு கீறேன், நீ பின்பக்கமா எழுந்து பூட்டியா! எப்பப் போன? லோகு அப்பவா, ஸ்டீபன் அப்பவா?

போன் அடிக்குது. சந்திரமோகன் சாரு. அதுக்குள்ள சொல்லிட்டானா அந்த வரதன்!

அடிக்கட்டும். எடுக்கறேன் சார், எடுக்கறேன், ஒரு நிமிசம். மொதல்ல இந்த வேல. பள்ளிப்பட்டு வண்டிக்கு ஒரு விண்டோ... தொறந்தாச்சு. மூஞ்சி அழகா புடிச்சிகீது கேமரா, எதிர் மேடையப் பாத்துக்கினே உக்காந்துகீறான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வரதனுக்கு ஒண்ணு... தொறந்தாச்சு. சாருக்கு லாரி கெடையாது. கார் நம்பரு போடுவோம்... அட! அட! வெரல எடுக்கறதுக்குள்ள தொறக்குதேப்பா! இத்தினி எடம் இருந்துச்சாடா உன்னாண்ட!