ரெண்டு நாளாவும்

“தூங்கலக்கா. இன்னைக்கு எப்படி நடந்துக்கினேன்னு பாத்துக்கினு இருக்கேன்.”

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் கண்ணை மூடியிருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் அவளைவிட மூத்தவள். இருவரும் ஒரே பட்டுக்கடையின் யூனிஃபார்ம் சேலையில் இருந்தார்கள்.

“அ... அதையா பாப்பாங்க?”

“சர்ச்சுல சொல்லிக் குடுத்தாங்க. தெனம் சாயங்காலம், அன்னைக்கு நடந்தத ஆண்டவர் முன்னாடி நெனச்சுப் பாக்கணும்.”

“இன்னைக்கு எ... என்ன பாத்த?”

இளையவள் கண்ணைத் திறந்தாள்.

“சாப்பாட்டு நேரத்துல ஒருத்தி நீங்க பேசற மாதிரியே திக்கித் திக்கிப் பேசிக் காட்டுனா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேன்க்கா.”

மூத்தவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“ஆ... ஆண்டவர்கிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“மன்னிச்சிட்டாரா?”

“மன்னிச்சிருப்பாருக்கா.”

“அவருக்கென்னமா, உடனே மன்னிப்பாரு. எனக்கு ரெ... ரெண்டு நாளாவும்.”

“ஆவட்டும்க்கா. காலைல பஸ்ல உங்களுக்கு சீட்டு புடிச்சு வைக்கட்டா?”

மூத்தவள் இறங்குவதற்கு எழுந்தாள். படி வரை போய்த் திரும்பினாள்.

“ச... சன்னல் பக்கமா புடி.”