இரண்டே பேர் ஆடும் பெட்டி

சாப்பாட்டை வீணாக்குபவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. மற்றபடி யார் வம்புதும்புக்கும் போகாதவன். வேண்டுமானால் தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

கடைத்தெரு வீடியோ விளையாட்டுக் கூடத்தில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் வேலையாக இருந்தது. வீட்டில் நான், என் மனைவி, கொழுந்தியாள், அவள் புருஷனான என் சகலை. விடுமுறை வந்தால் நால்வரும் கூடத்துக்குப் போய் நிலவறை விளையாட்டு ஆடுவோம். நான்கு பேர் தோளோடு தோள் நின்று ஆடும் இயந்திரம் அது. சகலை வாள்வீரன், நான் மந்திரவாதி. அந்த நிலவறையில் சும்மா நின்றாலே உயிர் குறைந்துகொண்டு வரும். அங்கங்கே சாப்பாட்டுத் தட்டு கிடக்கும், தின்றால் ஏறும். சகலை தன் உயிர் நிரம்பி வழியும்போதும் முந்திக்கொண்டு ஓடித் தட்டைக் காலி செய்வான். பக்கத்திலேயே மந்திரவாதி செத்துக்கொண்டிருப்பான்.

கேட்டால், "வழியில கெடந்துச்சு, சாப்பிட்டேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கலாமாண்ணே?" என்பான். அப்போதும் நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கூடத்தை மூடிவிட்டார்கள். அதே விளையாட்டு, டிவியில் மாட்டி ஆடும் பெட்டியாக வந்திருந்தது. ஆசையாக வாங்கி வந்து பிரித்தால், ஜாய்ஸ்டிக் சொருக இரண்டே துளை. வீட்டிலோ நான்கு பேர். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பெட்டியை நன்றாகச் சோதித்தேன், அதில் கோளாறு இல்லை. ஆகவே ஆட்களில்தான் இரண்டு அதிகம்.

மாற்றி மாற்றி ஆடலாமே என்றாள் மனைவி. காத்திருப்பவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வார்கள். அது சரிப்பட்டு வராது.

வீட்டுக்கு அடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறைகள் மூன்று இருக்கின்றன. கூடத்து இயந்திரத்தை அங்கே இறக்கி வைத்திருக்கிறேன் என்றதும் சகலை முதல் ஆளாக ஓடினான். கொழுந்தியாளையும் கூடவே அனுப்பினேன். புருஷன் பெண்டாட்டியைப் பிரிப்பது பாவம். பிறகு கதவைப் பூட்டினேன்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் அல்லவா. மனைவி என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு தங்கையை மீட்கப் போனாள். படியிறங்கியது அவளாகத்தான். நான் கதவை வெளியே தாழிட்டு, வேறொரு பூட்டு மட்டும் போட்டேன்.

பட்டினி போட்டேன் என்று ஒருவரும் சொல்ல முடியாது. வேளை தவறாமல், அறைக்கு ஒரு தட்டாகக் காற்றுத் துவாரத்தின் வழியே கயிறு கட்டி இறக்கினேன். இருட்டில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று மனைவி அழுதாள்.

"மாப்பிள்ளையே மூணு தட்டையும் சாப்பிட்டுடறாருங்க. கதவத் தொறங்க."

இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்ததை அவள் ஒப்புக்கொண்டது அன்றுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்துபோனேன்.

நேற்று நீங்கள் வந்து பூட்டை உடைத்தீர்கள். பெண்கள் இருவரும் துரும்பாக இளைத்திருக்கிறார்கள். சகலை ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான்தான், மூன்று பேரையும் நான்தான். இரண்டு பேருக்குமேல் ஆட முடியாது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தேன். என் சுயநலம் இதில் கடுகளவும் இல்லை.

மேசைமேல் இருக்கிறதே, அதுவா? இரண்டாவது ஜாய்ஸ்டிக். ஆமாம் ஐயா, அதன் பிளாஸ்டிக் உறையை நான் பிரிக்கவே இல்லை.