பிரேக் பிரிவின் ‘இன்னொரு தடவை’ அண்ணனுக்கு

பாயும் வண்டிகளைப் பணிய வைத்த பெருந்தகையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முதுகு வளைத்து, முழங்கால் தேய்த்து, முகம் சுளிக்காமல் உழைத்த முன்னோடியே! வேகத்தை விரும்பி வண்டி வாங்கியோர் வீடும் திரும்ப வேண்டுமே என்று கவலைப்பட்ட வித்தகரே! வணக்கம்.

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்க, தலைமை மெக்கானிக் என்ற முறையில் இம்மடலை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அடுக்குமொழியில் எழுத வேண்டுமாம். நான் இதுவரை அடுக்கியது டயர்களை மட்டும்தான். நான்கு நாளாக எழுதி அடித்து, அடித்து எழுதி, அலுத்துப் போய் நிற்கிறேன். இடையில் மூச்சு வாங்கினால் பொறுத்தருள்க.

அவையில் அமர்ந்திருக்கும் குடும்பத்தாருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கில் காற்று எடுப்பது இருவர் வேலை. ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதிக்க, மற்றவர் சக்கரத்தருகே படுத்து, சக்கரத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரின் உச்சியிலுள்ள சிறு திருகைத் திறந்து, பழைய ஆயிலையும் அதில் ஒளிந்திருக்கும் காற்றையும் குழாய் வழியே வெளியேற்றுவார். “மிதி. பிடிச்சுக்கோ. விடு.” இந்த மூன்று சொற்களைத்தான் உங்களிடம் நாங்கள் அதிகம் கேட்டிருக்கிறோம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஒரு சக்கரத்துக்கே இரண்டு திருகு. போதாததற்குக் கம்ப்யூட்டரை மாட்டி உள்ளே இருக்கும் பம்பையும் ஓட்டியாக வேண்டும். அப்பாடா முடிந்தது என்று எல்லோரும் நினைக்கும்போது தரையிலிருந்து உங்கள் குரல் வரும்: “இன்னொரு தடவை.” அதுவே உங்கள் பெயராகிவிட்டது. கால் கடுத்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டாத நாளும் இல்லை.

பெயின்ட்டில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலும் பதறித் தண்ணீரோடு ஓடிய பண்பாளரே! முன்தினம் திறந்த பிரேக் ஆயில் டப்பாவைத் தொட்டால் “ஈரம் இழுத்திருக்கும், தூரப் போடுடா” என்று துரத்திய தூயவரே! எந்த வண்டியானாலும், பட்டறை முற்றத்தில் முதல் பிரேக்கை உங்கள் கால் பிடித்த பிறகே சாவி கைமாற வேண்டும் என்பது நீங்களே வகுத்துக்கொண்ட வழக்கம். அந்த வழக்கத்தைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. காலிப்பர்களுக்கு மஞ்சள் பூசச் சொன்னார்கள். கழற்றிப் பூசி, திரும்ப மாட்டியவன் நான். முன்சக்கரங்களில் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டேன். மேலே இருக்க வேண்டிய திருகுகள் கீழே போயின. காற்று மேலேயே தங்கிவிட்டது. நான்கு சுற்று எடுத்தோம். என் கால் மரத்துப் போயிருந்தது. அன்று காய்ச்சலோடு வந்திருந்த நீங்கள், திருகு இடம் மாறியதைக் கவனிக்காமல், தரையில் படுத்தபடி கேட்டீர்கள்: “கெட்டியா இருக்கா?”

பெடல் பஞ்சாய் அமுங்கியது. “கெட்டியா இருக்குண்ணே” என்றேன்.

வண்டிக்காரப் பெண்மணி இரு குழந்தைகளோடு வரவேற்பறையில் காத்திருந்தார். நீங்கள் உங்கள் வழக்கப்படி முற்றத்தில் முதல் சுற்று ஓட்டினீர்கள். வண்டி நிற்கவில்லை. மதிலில் போய் மோதி, உங்கள் முழங்கால் உடைந்தது. நொண்டிக்கொண்டே இறங்கி, சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள். திருகு இருந்த இடத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். விசாரணையில், “கடைசியா பாத்தது நான். தப்பு என்னுது” என்று முடித்துவிட்டீர்கள். தலைமை மெக்கானிக் பதவியை உங்களிடமிருந்து பறித்து, மிதித்தவனுக்கே கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது அண்ணா. மேலாளர் ஐயா முன்வரிசையில்தான் இருக்கிறார், அவரும் கேட்கட்டும். என் வேலை போனால் போகட்டும்.

அண்ணி, அவர் கவனக்குறைவால் பதவி இழந்தார் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவரும் மறுத்திருக்க மாட்டார். இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். வருகிறவர்கள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து மாட்டுங்கள்.

இன்னும் ஒன்று. அதே சிவப்பு வண்டி இன்று காலை பிரேக் ஆயில் மாற்ற வந்தது. விழா நாளில் உங்களைத் தரையில் படுக்க வைக்கக் கூடாதென்று, தேநீர் கொடுத்து மாடியிலேயே உட்கார வைத்துவிட்டோம். தரையில் நான் படுத்தேன். கடைசித் திருகில் ஆயில் தெளிவாக வந்தது. பெடலில் இருந்தவர், “போதும்ணே, கல்லு மாதிரி இருக்கு. விழாவுக்கு நேரமாச்சு” என்றார். எனக்கும் முதுகு விட்டுப்போயிருந்தது. ஆனாலும் என்னை அறியாமல் வாய் சொல்லிவிட்டது: “இன்னொரு தடவை.”

ஒரே ஒரு குமிழி வந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு முறை எடுத்துவிட்டு, முதல் சுற்றை நானே ஓட்டினேன். அதே முற்றத்தில், அதே மதிலை நோக்கி. மதிலுக்கு மூன்று முழம் முன்னால் வண்டி நின்றது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அழுதேன். அதன் பிறகே சாவியைக் கொடுத்தேன்.

தரையில் தேய்ந்த முழங்கால்கள் இனித் தலையணை மேல் இளைப்பாறட்டும்! உறக்கம் நிறையட்டும், உடல்நலம் நிலைக்கட்டும், அண்ணியோடும் பிள்ளைகளோடும் ஆண்டுகள் பல அமைதியாய் வாழ்க! ஓய்வு போதும் என்று எப்போதாவது தோன்றினால், இன்னொரு தடவை யோசியுங்கள்.

நன்றியோடும் களைப்போடும்,
பிரேக் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்.

முதல் கையெழுத்து, அன்று பெடலை மிதித்தவனுடையது.