ஆறாம் நம்பருக்கு எத்தனை ஃபவுல்

“வயசுக்கு மரியாதை கொடுக்கலாம்மா. அதுக்காக டீமையே கொடுத்துட முடியாது” என்று மருந்துக்கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

“முப்பது வருஷமா பிள்ளைங்களை உருவாக்கினவரு. பார்த்துப் பேசுங்க” என்று செயலாளரம்மா அதைவிட உரக்கச் சொன்னார்.

நீங்கள் கேட்கிற கோச்சின் மறதி, எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பின்னறையில் நடந்த அந்தக் கூட்டத்தில்தான் தொடங்கியது, டாக்டர். நான் ஒரு சட்டைக் காலரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சண்டை நடக்கும் இடத்தில் கை சும்மா இருந்தால் வாய் ஏதாவது சொல்லிவிடும் என்று தையல் வேலையோடுதான் போவேன். பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களின் கூடைப்பந்து அணிக்கு அறுபத்தெட்டு வயதுக் கோச்சே போதுமா, அல்லது வெளியூரில் பயிற்சி முடித்து வந்த இளைஞரை எடுப்பதா என்று வாக்குவாதம். மருந்துக்கடைக்காரரின் சின்ன மகளைக் கோச் ஆட விடாமல் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். அதை அவர் கூட்டத்தில் சொல்லவில்லை. நானும் ஏழெட்டுப் பேரிடம்தான் சொல்லியிருந்தேன்.

“அவருக்கு இப்பல்லாம் ஞாபகம் கொஞ்சம் தடுமாறுது” என்றேன். ஏன் சொன்னேன் என்றால், பேச்சு சற்றுத் தொய்ந்திருந்தது.

செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “டெய்லர், பார்த்ததைச் சொல்றீங்களா, இல்ல வழக்கம்போலவா?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நிரூபிங்க. இல்லேன்னா அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் அவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

இருபத்தாறு வருடமாக இந்தத் தெருவுக்குச் சேதி சொல்கிறவன் நான். எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை, யாருக்கு இடுப்பு இரண்டு அங்குலம் ஏறியிருக்கிறது, எல்லாம் துல்லியமாகச் சொல்வேன். இதுவரை ஒன்றும் பொய்யானதில்லை. இதை மட்டும் பொய்யாக விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் ஆட்டங்களில் ஸ்கோர் எழுதுவது நான்தான். எங்கள் கூடத்துப் பலகை புள்ளிகளை மட்டும் காட்டும். யாருக்கு எத்தனை ஃபவுல் என்பது என் தாளில் இருக்கும். ஐந்து ஆனால் அந்தப் பெண் வெளியே போக வேண்டும். அதனால் கோச் அடிக்கடி என் பக்கம் குனிந்து கேட்பார்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டத்திலும் கேட்டார். “டெய்லர், ஆறாம் நம்பருக்கு எத்தனை?”

ஆறாம் நம்பர் அணியின் கேப்டன். தாளில் நான்கு இருந்தது. “மூணு சார்” என்றேன். அவர் நம்பி அவளை உள்ளேயே விட்டார். அடுத்த நிமிடம் ஐந்தாவது விழுந்தது. அவள் வெளியே வந்தாள், ஆட்டம் கையைவிட்டுப் போயிற்று.

“மூணுன்னுதானே சொன்னீங்க?”

“நாலுன்னு சொன்னேனே, சார்” என்றேன், பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரருக்கும் கேட்கும்படி. தாளைத் திருப்பிக் காட்டினேன். கோச் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஆட்டங்களில் இப்படிச் செய்தேன். அதற்குமேல் தேவைப்படவில்லை. தும்மிவிட்டு அவர் கைக்குட்டையைத் தேடினால்கூட ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் பெண் மட்டும், “மூணுன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதைக் கேட்டுக் கோச்சின் மனைவி என் கடைக்கு வந்தார். அடுத்த வீடுதானே.

“அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொல்றது நிஜமா?”

மிஷினை நிறுத்தினேன். “அதுக்கு சார்னா உயிரு, தங்கச்சி. அவருக்காக எதை வேணா சொல்லும்.”

அழுதார். தண்ணீர் கொடுத்தேன். அவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டு மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த கூட்டத்தில் இளைஞரை எடுத்தார்கள். செயலாளரம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்த மனிதர் நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தார். குறுக்கெழுத்தை அரைமணியில் முடித்தார். பழைய ஆட்டக்காரிகளின் பிறந்தநாளெல்லாம் சொன்னார். கேப்டன் பெண் வேறு வாரம் தவறாமல் வந்து, அவர் சொல்வதையெல்லாம் வெளியே போய்ச் சொன்னாள். நான் சொன்னது என்ன ஆவது?

விசிலை ஃபிரிட்ஜில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாவு டப்பாவில் வைத்தேன். முதல் தடவை சிரித்தார். நான்காம் தடவை கதவோரம் நின்று, “டெய்லர், நான் எதையாவது எடுத்து எங்கயாவது வெச்சதைப் பார்த்தீங்களா?” என்று கேட்டார்.

“பார்த்தேன் சார்” என்றேன். அதன்பிறகு ஒரு டம்ளரை எடுப்பதென்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்.

அடுப்பு ஒரே ஒரு தடவைதான். வெறும் பாத்திரத்தை ஏற்றி, பக்கத்தில் ஒரு துணியைத் தொங்கவிட்டேன். அவர் மனைவி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்; அதனால்தான் புகை வந்ததும் முதல் ஆளாக ஓடினேன். அந்த அம்மாவுக்கு ஒரு கை மட்டும் வெந்தது. “நான்தான் பத்த வெச்சிருப்பேன்” என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.

கோச்சின் மகள் வந்து அவரை உங்கள் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, அம்மாவைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டார். புதுக் கோச் மருந்துக்கடைக்காரரின் மூத்த மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். அணி இன்னும் ஓர் ஆட்டமும் ஜெயிக்கவில்லை. கேப்டன் பெண் வேறு ஊர் அணிக்குப் போய்விட்டாள். போகிற அன்று என் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள், உள்ளே வரவில்லை.

அவருடைய சோதனை முடிவெல்லாம் நன்றாக இருக்கிறது, பின்னே மறதி எப்போது தொடங்கியது என்று கேட்டு வந்தீர்கள். உள்ளபடி சொல்லிவிட்டேன். இதையெல்லாம் அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். பாவம், இந்த வயதில் குழம்பிப்போவார். உங்கள் கோப்பில் ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு ஞாபகம் தடுமாறுவதை முதன்முதலில் கவனித்தது நான்தான்.